எண்ணெய் அடிச்சாச்சு

எங்கள் பக்கத்தில் தலைக்கு வைப்பதும் எண்ணெய்தான், விளக்குக்கு விடுவதும் எண்ணெய்தான். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் போடுவதை எண்ணெய் அடிப்பது என்போம். வயலில் புல்லுக்கும் பூச்சிக்கும் நஞ்சு தெளிப்பதையும் எண்ணெய் அடிப்பது என்போம். வேறு ஊரார் அதைக் களைகொல்லி என்பார்கள், மருந்து என்பார்கள். கிளிவெட்டிக்கு வந்து மருந்து எங்கே வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று கேட்பார்கள். ஓய்வு பெறும்வரை சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் நான். ளகரத்தை லகரமாகச் சொன்ன பிள்ளையைக்கூடச் சும்மா விட்டதில்லை. ஆனால் இந்த எண்ணெய் எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே.

என் தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் அவள் உயிரோடு இருப்பாள். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும். முதலில் கால் வீங்கும், பிறகு முகம், அதன் பிறகு மூச்சு முட்டும். குடிப்பதற்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னத் தம்ளர் தண்ணீர்தான். அதையும் மிடறு மிடறாக மிச்சம் பிடித்துக் குடிப்பாள். பக்கத்தில் இருந்து நான் தண்ணீர் குடிக்க வெட்கப்படுவேன். குசினிக்குள் போய்த் திரும்பி நின்று குடிப்பேன்.

எங்கள் குடியிருப்பு, பெரிய வீதியை விட்டு வாய்க்கால் கரையோடு உள்ளே போனால், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தங்கையும் அவள் கணவரும் ஒரு வீட்டில், நான் அடுத்த வளவில். என் கணவர் காலமான பிறகு சமையல் எல்லாம் அங்கேதான். வெயில் காலத்தில் ஆட்டோ வீட்டு வாசல் வரை வரும். மாரியில் அந்தப் பாதை வயலோடு வயலாகிவிடும். போன மாரியில் அவளை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம், அது பாதி வழியில் புதைந்து நின்றது. அன்று மெஷின் தவறிப் போனது. அவளுடைய உதடு நீலம் பாரித்ததை நான் பார்த்தேன். வீதிக்கு எப்படிக் கொண்டு போனோம், எப்படிப் பிழைத்தாள் என்பதை நான் இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. அடுத்த மாரியை இவ தாண்டமாட்டா என்று வளவுக்குள்ளேயே நின்று கதைத்தார்கள். அவளுக்குக் காது நல்லாய்க் கேட்கும் என்பதுகூடத் தெரியாத சனங்கள்.

அவர்களுடைய மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அவன் வேலை செய்யும் இடத்தில் மணலுக்குள் ஓடும் ஒரு சின்ன வாகனத்தைப் படம் பிடித்து அனுப்பினான். நாலு பெரிய ரயர், முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் சாமான் ஏற்ற ஒரு தட்டு. சேறும் தண்ணீரும் அதற்குப் பெரிய விஷயமில்லை என்றான். பிறகு அதே மாதிரி ஒன்று திருகோணமலையில் துறைமுகப் பக்கத்துக் கடையொன்றுக்கு வந்திருப்பதை அறிந்து அங்கிருந்தே எல்லாம் ஒழுங்கு செய்தான். மாரிக்கு முன் அது வீட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

எடுக்கப் போன அன்று அவளுக்கு மெஷின் நாள். அது முடிந்து மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைக்கார நானா கிண்ணியாவைச் சேர்ந்தவர், முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். அவளைப் பார்த்ததும் தன்னுடைய கதிரையைத் தூக்கிவந்து போட்டார். என் தங்கையின் கணவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிக்கொண்டிருந்தார். நானா சொன்னதைக் கவனமாகக் கேட்டது அவள்தான், முன்வாங்கில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி.

"அண்ணன், இது புது என்ஜின். வீட்டுக்கு வந்த புது மருமகளை நடத்துற மாதிரி நடத்துங்க. எடுத்த எடுப்பில ஆக்சிலேட்டரை அடி மட்டும் மிதிக்கப்படாது. ஒரே வேகத்திலயும் ஓடப்படாது, கூட்டிக் குறைச்சு ஓடுங்க. உள்ளுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசிப் பழக வேணும். பழகி முடியிற மட்டும் பாரம் ஏத்தாதீங்க, ஒண்டையும் கட்டி இழுக்காதீங்க. பிறகு கொண்டு வாங்க, ஒயில் மாத்தித் தாறன்."

"நெல்லு மூட்டை ஏத்தலாமோ?" என்று கேட்டார் தங்கையின் கணவர்.

"என்னண்ணன், இவ்வளவு நேரமும் யாருக்குச் சொன்னனான்?"

தங்கை சிரித்தாள். "நானா, என்னை ஏத்தலாமோ?"

நானா அவளை ஒரு முறை பார்த்தார். அவளிடம் எலும்பும் தோலும்தான் இருந்தன. "தங்கச்சி, நீங்க பாரமில்ல," என்றார்.

பெற்றோல் நிரப்பும் கதையை அவர் தனியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார். என்ஜினை நிற்பாட்டி, சூடு ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். ஒருவரும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. பெற்றோல் செட்டில் கானுக்கு அடிக்கும்போது கானைத் தட்டில் வைத்தபடி அடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் தட்டில் பொறி பறக்கும், இறக்கி நிலத்தில் வைக்க வேண்டும். வண்டியின் பெற்றோல் தாங்கியைக் கழுத்து மட்டும் நிரப்பக் கூடாது, சூட்டில் பெற்றோல் விரியும். இருக்கைக்குக் கீழேதான் என்ஜின், பக்கத்தில்தான் தாங்கியின் வாய், பின்னால் சைலன்சர். "ஒரு சொட்டுச் சிந்தினாலும் சூட்டில விழும். நான் வண்டி விக்கிறவன், பயப்படுத்தக் கூடாது. ஆனா சொல்லாம விடவும் ஏலாது," என்றார்.

அவளைப் பயப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் அயலில் ஒரு பெண் கட்டிலுக்குக் கீழே கானில் பெற்றோல் வைத்திருந்தாள். அதைப் போத்தலுக்கு மாற்றும்போது குப்பி விளக்கு பக்கத்தில் இருந்தது. பற்றி எரிந்தவளை ஓடிப் போய்ச் சாக்கால் மூடி அணைத்தது என் தங்கைதான். அந்தப் பெண் செத்து முடிய மூன்று நாள் எடுத்தது. அதற்குப் பிறகு தங்கை தீப்பெட்டியைக்கூட உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் உரசுவாள்.

கோயிலடியில் புது வண்டிக்குப் பூசை வைத்தோம். நாலு ரயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். தாங்கி இருக்கும் பக்கம் வந்ததும் அவள் கத்தினாள்.

"ஐயா, அங்கால! அங்காலை கொண்டு போங்கோ!"

ஐயர் திடுக்கிட்டுப் போனார். சாமி காரியத்தில் இப்படிக் கத்தலாமோ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். சாமிக்குப் பெற்றோலைப் பற்றி என்ன தெரியும் என்று நான் திருப்பிக் கொடுத்தேன். ஐயர் நல்ல மனிசன், நாலடி தள்ளி நின்று கற்பூரத்தைக் காட்டிவிட்டு முடித்தார். முன்விளக்கு இரண்டும் பிதுங்கிக்கொண்டிருந்தபடியால் சனங்கள் வண்டிக்குத் தவளை என்று பேர் வைத்தார்கள்.

வண்டியைப் பழக்கிய அந்த நாட்கள்தான் அவளுக்குக் கிடைத்த கடைசி நல்ல நாட்கள். இதை நான் எழுதாமல் விட்டால் பாவம். பின்னேரங்களில் வெயில் தாழ்ந்ததும் கணவர் வண்டியை எடுப்பார். அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வாள். வாய்க்கால் கரையோடு மெதுவாய்ப் போய், கொஞ்சம் வேகம் கூட்டி, பிறகு குறைத்து, வயல் விளிம்பெல்லாம் சுற்றிவிட்டு வருவார்கள். அதற்கு முன் எத்தனையோ மாதமாய் அவள் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறொன்றையும் காணவில்லை. ஆட்டோவில் போகும்போது வாந்தி வரும், கண்ணை மூடிக்கொண்டுதான் போவாள். இப்போது எங்கே கொக்கு நின்றது, யாருடைய வயலில் விதைத்துவிட்டார்கள், வாய்க்காலில் எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது என்று எனக்கு வந்து சொன்னாள். கணவர் கொஞ்சம் உற்சாகத்தில் மிதித்தால், "புது மருமகள், புது மருமகள்," என்று அவர் தொடையில் தட்டுவாளாம். ஒருநாள் என்னையும் வரச் சொன்னாள். "அக்கா பின்னுக்கு ஏறட்டும் எண்டால் நானா விடமாட்டார். அக்கா பாரம்," என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்தப் பகிடியை அவள் இன்னொரு தரம் சொல்லமாட்டாளா என்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பெற்றோல் ஊற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, அவளை இறக்கி விறாந்தையில் இருத்திவிட்டு, அது ஆறும்வரை கணவர் காத்திருக்க வேண்டும். ஆறிட்டுதோ என்று அவள் விறாந்தையிலிருந்து கேட்பாள். இவர் சைலன்சரில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சீறினால் இன்னும் ஆறவில்லை. சீறாவிட்டால் கானை நிலத்தில் வைத்துத் திறந்து, புனல் வைத்து ஊற்றலாம். அவர் பாவம், பொறுமையில்லாத மனிசன். அவளுக்காகத்தான் அந்தப் பொறுமை.

மாரி வந்தது. பாதையில் தண்ணீர் முழங்கால் மட்டும் நின்றது. தவளை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் அவளைப் பெரிய வீதியில் சேர்த்தது. அங்கே ஆட்டோக்காரர் காத்திருப்பார். போகும்போது ஒரு பிளாஸ்டிக் கதிரையையும் ஒரு கான் பெற்றோலையும் பின்தட்டில் கட்டிக்கொண்டு போவார்கள், ஆட்டோ பிந்தினால் அவள் இருக்க வேண்டுமே. ஒரு மெஷின்கூடத் தவறவில்லை. இவ தாண்டமாட்டா என்று சொன்ன சனங்கள் வாசலில் நின்று கை காட்டினார்கள். நான் அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாய், "தங்கச்சி, பின்னேரம் சந்திப்பம்," என்பேன்.

மாரி நடுவில் ஒரு கிழமை இரண்டு நாள் மழை விட்டிருந்தது. முதல் மெஷினுக்குப் போய் வந்த அன்று வண்டி சூடாய் இருந்ததால் ஆறட்டும், பிறகு பெற்றோல் ஊற்றலாம் என்று விட்டார்கள். விட்டது விட்டதுதான். மெஷினுக்கு முதல் நாள் பின்னேரம் நான் குசினியில் அவளுக்கு உப்பில்லாத கறி வைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. தங்கையின் கணவர் எங்கேயோ போய்விட்டு வந்து கைகால் கழுவுகிறார் என்று விளங்கியது. குசினி யன்னல் அடுத்த பக்கம் பார்த்தது, ஆளைத் தெரியவில்லை. இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

"தம்பி, எண்ணெய் அடிச்சாச்சோ?"

"ஓம் அக்கா, அடிச்சாச்சு."

அவ்வளவுதான் கதை. நான் கறியைக் கிண்டினேன், அவர் குளித்தார்.

இரவு மேலே எங்கேயோ குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். விடியும்போது முற்றத்தில் தண்ணீர். தங்கைக்கு முகம் ஊதியிருந்தது. தலையணையை நிமிர்த்தி வைத்து இருந்தபடிதான் நித்திரை கொண்டிருக்கிறாள். மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் போன மாரியில் பழக்கம். கெதியாய் வெளிக்கிடுங்கோ என்று கத்தினேன். கணவர் அவளைத் தூக்கி இருக்கையில் வைத்தார். நான் பின்தட்டில் கதிரைக்கும் கானுக்கும் நடுவே ஏறி அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். பெற்றோல் அளவு காட்டும் மீற்றரில் சேறு அப்பியிருந்தது. அதைத் துடைக்க யாருக்கு நேரம்?

பாதை எது வயல் எது என்று தெரியவில்லை. வரிசையாய் நின்ற வேலிக் கம்பிக் கட்டைகளைப் பார்த்துத்தான் ஓட்டினார். என்ஜின் முக்கி முக்கி இழுத்தது. பாதி வழியில் ஒரு மதகு இருக்கிறது, அது மட்டும் தண்ணீருக்கு மேலே மேடாய்த் தெரிந்தது. அதற்குக் கிட்ட வரும்போது என்ஜின் இருமியது. அவர் மிதித்தார். வண்டி துள்ளித் துள்ளி மதகின் மேலே ஏறியது, ஏறியதும் நின்றுவிட்டது. சுற்றிவர வெள்ளம், மேலே தூறல், நாங்கள் மூன்று பேர்.

அவர் மீற்றரைக் கையால் துடைத்தார். தாங்கியில் ஒன்றுமில்லை.

"எண்ணெய் அடிச்சாச்சு எண்டு சொன்னீங்களே!" என்று நான் கத்தினேன்.

"ஓம், அடிச்சனான்." அவர் முழித்தார். "மேட்டு வயலுக்கு. மழை விட்ட நேரம் பாத்துப் புல்லுக்கு அடிச்சனான். நீங்கள் அதைத்தானே கேட்டனீங்கள்?"

தங்கைதான் சிரித்தாள். மூச்சில்லாமல், இருமிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "தமிழ் ரீச்சர்," என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு மூச்சுப் போதவில்லை.

கானில் பெற்றோல் இருந்தது. அது ஒரு பிரச்சினையே இல்லை. அவர் கானை அவிழ்த்து மூடியைத் திருகத் தொடங்கினார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்கி நிலத்தில வையுங்கோ. ஆறட்டும்."

"விசரோ உனக்கு? இந்த மூச்சை வைச்சுக்கொண்டு?" என்றார் அவர்.

"ஊத்துங்கோ தம்பி, நான் பிடிக்கிறன்," என்றேன் நான். பொய் சொல்லமாட்டேன், எனக்கு அப்போது நெருப்பைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. அவளுடைய தொண்டைச் சத்தம் மட்டுந்தான் காதில் கேட்டது.

தூறல் துளிகள் சைலன்சரில் விழுந்தன. ஒவ்வொரு துளியும் சீறியது. அவள் அதை விரலால் காட்டினாள். "கேக்குதோ? நான் தண்ணியில சாகிறன். பரவாயில்லை. நெருப்பில என்னால ஏலாது. உங்கள் ரெண்டு பேரையும் எரிய விடவும் ஏலாது."

அவளை இறக்கினோம். மதகுக் கட்டின் மேல் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருத்தினோம். நான் குடையைப் பிடித்தேன். கணவர் கானை அவள் சொன்ன மாதிரி வண்டிக்குத் தள்ளி நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். ஆட்டோக்காரர் திரும்பத் திரும்பப் போன் எடுத்தார். வாறம், வாறம் என்றேன். நாலா பக்கமும் தண்ணீர் நிற்க, ஒரு மிடறு குடிக்க முடியாதவள் நடுவில் கதிரை போட்டு இருந்தாள். சைலன்சரில் விழும் துளிகளைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. கதவைத் திறந்தவர்கள் மேல், வயல் மேல், புல்லின் மேல், கடைசியில் அந்தக் கடைக்கார நானா மேலும். அந்த மனிசன் என்ன பிழை செய்தார்? உள்ளதைச் சொன்னார்.

கடைசியில் ஒரு துளி விழுந்து, சீறாமல் வழிந்தது. "இப்ப ஊத்துங்கோ," என்றாள்.

அவர் புனல் வைத்து ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கழுத்துக்குக் கீழே நிறுத்தினார். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்தது. தவளைக்கு ஒரு குறையும் இல்லை. நல்லாய்ப் பழக்கிய வண்டி.

பெரிய வீதியில் ஆட்டோவுக்கு மாறினோம். மூதூர் கழிந்து, கிண்ணியாப் பாலம் கழிந்து போகும்போது அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் பழைய எண்ணெய்க் குதங்கள், பெரிய பெரிய இரும்புத் தாங்கிகள், வரிசையாய் நிற்கும். சின்ன வயதிலிருந்து அந்த வழியால் போகிறேன், அன்றுதான் முதல் தரம் அவற்றைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஊர் முழுக்கக் குளிக்கக்கூடிய அளவுக்குத் தாங்கிகள் எங்கள் மாவட்டத்தில். எங்கள் வண்டிக்குத்தான் இல்லாமல் போனது. தங்கையின் கணவர் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்டதும் தள்ளு கட்டிலில் ஓடினார்கள். ஒருவரும் காக்க வைக்கவில்லை, ஒருவரும் ஏசவில்லை. ஒரு தாதி மட்டும் ஊசி ஏற்றிக்கொண்டே, "ஏன் இவ்வளவு பிந்தினது?" என்று கேட்டாள். வேலையோடு வேலையாய்க் கேட்டது. நல்ல பிள்ளை, பதிலுக்குக்கூட அவள் நிற்கவில்லை. அந்தக் கேள்வி போய்த் தங்கையின் கணவருடைய காதில் உட்கார்ந்துகொண்டது.

மெஷினில் இருக்கும்போதே அவளுடைய இதயம் நின்றுவிட்டது. அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை.

டொக்டர் எங்களை அழைத்து இருத்திச் சொன்னார். இதயம் கன நாளாய்ப் பலவீனம், தண்ணீர் ஏறி ஏறி இறங்கின இதயம், இது எந்த நாளும் நடந்திருக்கக் கூடியது என்றார். தங்கையின் கணவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். வெளியே வந்து நடையில் நின்று கடலைப் பார்த்தார். துறைமுகத்துக்குப் போக ஒரு கப்பல் காத்து நின்றது. "மதகில நிண்ட நேரம்," என்றார். டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். நானும் அதை நம்பினேனோ தெரியாது. கேட்டவள் நான், சொன்னவர் அவர், இரண்டு பேரும் உண்மையைத்தான் கதைத்தோம். கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் அகப்படவில்லை.

அடுத்த நாள் அவளைப் பெட்டியில் வைத்து ஒரு வான் பிடித்துக் கொண்டுவந்தோம். பெரிய வீதியில் வான் நின்றுவிட்டது, அதற்கு அங்கால் இன்னும் வெள்ளம். தவளை முதல் நாளிலிருந்து அங்கே ஒரு கடை வாசலில் நின்றது. ஆட்கள் பெட்டியைத் தூக்கி வண்டியின் தட்டில் வைக்கப் போனார்கள். தங்கையின் கணவர் கையைக் காட்டி மறித்தார். பெட்டியைக் கடை வாசல் வாங்கில் இறக்கச் சொன்னார். வண்டிக்குப் பின்னால் போய்ச் சைலன்சரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முழு இரவும் மழையில் நின்ற வண்டி, குளிர்ந்து கிடந்தது. ஆனாலும் கையை எடுக்காமல் கன நேரம் வைத்திருந்தார். பிறகு கொஞ்சம் மிச்சமிருந்த கானை நிலத்தில் வைத்துத் திறந்து, புனல் வைத்து ஊற்றி, கழுத்துக்குக் கீழே நிறுத்தி, மூடியைத் திருகி, திருகினது சரியோ என்று இன்னொரு தரம் பார்த்தார். ஆட்கள் அவசரப்படுத்தவில்லை. அதன் பிறகுதான் பெட்டியை ஏற்றினார்கள். அதுவரை அந்தத் தட்டில் ஒரு நெல்மூட்டைகூட ஏற்றியதில்லை. என்னை விட்டால் தவளை ஏற்றின முதல் பாரம் அவள்தான்.

கட்டாரிலிருந்து மகன் வந்து சேரும்வரை பெட்டியை விறாந்தையில் வைத்திருந்தோம். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் தங்கையின் கணவர் இருந்தார். முற்றத்தில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. அயல் பெண்கள் குசினியில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டார்கள். காலையில் ஒருத்தி குசினிக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தாள், வீடு முழுக்கக் கேட்கும்படி, என்னைப் போலவே.

"விளக்குக்கு எண்ணெய் விட்டாச்சோ?"

"ஓம், விட்டாச்சு," என்று விறாந்தையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

அவர் கதிரையை விட்டு எழும்பினார். ஆட்களை விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார். முதலில் தோளில் கிடந்த துண்டைக் கழற்றி நெருப்புக்குத் தள்ளி வைத்தார். பிறகு குனிந்து, சுடருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்தது போதவில்லை. சுண்டுவிரலை விளக்கின் குழிக்குள் விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

விளக்கில் எண்ணெய் இருந்தது.